குழலில் பதிந்த முத்திரை: துப்பாக்கிச் சோதனையின் வரலாறு

துப்பாக்கிக் குழலின் சுவருக்குள் ஒளிந்திருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இரும்புத் தகட்டை உருளையாக வளைத்து, காய்ச்சி அடித்து ஒட்டிக் குழல் செய்த காலத்தில், ஒட்டு ஓரிடத்தில் பிடிக்காமல் போனாலும் அரம் போட்டு மெருகேற்றிவிட்டால் போதும், வாங்குபவர் ஏமாந்துவிடுவார். சுடும்போதுதான் குறை வெளிப்படும். அப்போது குழலைத் தாங்கிப் பிடித்திருந்த கை சிதைந்திருக்கும். செய்தவருக்கும் விற்றவருக்கும் கீறல்கூட இல்லை. இந்த நிலை ஐரோப்பாவில் மாறிய விதத்தை ஆராய்கையில் ஒன்று தெளிவாகிறது: இரும்பைப் பற்றிய அறிவு வளர்ந்தது ஓரளவே உதவியது. சோதிக்கும் உரிமை தனிப்பட்ட பட்டறைக்காரர் கையைவிட்டு நீங்கியதுதான் பெரிய திருப்பம்.

1637-இல் முதலாம் சார்லஸ் மன்னர் லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். நகரையும் அதைச் சுற்றி 10 மைலையும் அடக்கிய எல்லைக்குள் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் அதிகாரம் அச்சங்கத்துக்குக் கிடைத்தது. கிரீடத்தின் கீழ் ‘ஜிபி’ என்ற எழுத்துகள் இருந்தால் குழல் வெடியைத் தாங்கியது என்று பொருள். கிரீடத்தின் கீழ் ‘வி’ இருந்தால் பார்வையிடப்பட்டது என்று பொருள். தொழில் தெரியாத கொல்லர்களைச் சந்தையிலிருந்து விலக்கும் நோக்கமும் இதில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சங்கத்தின் சுயநலமும் வாங்குபவரின் உயிர்ப் பாதுகாப்பும் இங்கே ஒரே திசையில் நடந்தன. இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலும் 1672-இல் இளவரசப் பேராயரின் ஆணையால் இத்தகைய சோதனை தொடங்கியது.

லண்டன் சங்கத்தின் கை 10 மைலுக்கு அப்பால் நீளவில்லை. பர்மிங்காம் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருந்தது. அடிமை வணிகத்துக்காக மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பல் கப்பலாகப் போன மலிவுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் அங்கே செய்யப்பட்டவை. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முதல் வேட்டிலேயே சுடுபவர் கையில் வெடிக்கக்கூடியவை என்று 1760-களில் ஷெல்பர்ன் பிரபு எழுதினார். கணக்கு மிகையாக இருக்கலாம். ஆனால் அன்றைய அரசியல்வாதி ஒருவரே அதை வெளிப்படையாக எழுதியது நம்மை உலுக்க வேண்டும். கை இழந்த ஆப்பிரிக்கர் எந்த நீதிமன்றத்திலும் வந்து முறையிட முடியாது. அந்தத் துணிச்சலில்தான் அந்த வணிகம் நடந்தது. பர்மிங்காமின் பெரிய பட்டறைகள் சில தாமே சோதித்து, லண்டன் முத்திரையை ஒத்த அடையாளங்களைக் குத்திக்கொண்டன. விற்பவரே தமக்குச் சாட்சி சொன்ன காலம் அது.

1813-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இதற்கு முடிவு கட்டியது. சோதிக்கப்படாத குழலை விற்பது குற்றமாயிற்று. பர்மிங்காம் துப்பாக்கித் தொழிலாளர்கள் கேட்டுப் பெற்ற சோதனைச் சாலை, அத்தொழிலின் செலவிலேயே பான்பரி தெருவில் எழுந்தது. இன்றும் அது அங்கேயே இயங்குகிறது.

சோதனை முறை கடுமையானது. வழக்கமாக இடுவதைவிட மிகுதியான வெடிமருந்தைக் கெட்டித்து, குண்டை வைத்து, குழல்களை வரிசையாகக் கிடத்தி, இரும்பு பொதிந்த அறைக்குள் ஆளில்லாமல் வெடிக்க வைப்பார்கள். பிழைத்தவற்றைக் கழுவாமல் ஒருநாள் கிடக்க விடுவதுண்டு. மருந்தின் உப்புக் கசடு நுண்ணிய துளைகளை அரித்துக் காட்டிக்கொடுக்கும். தங்கத்தை உரைகல்லில் உரசினால் நகைக்குச் சேதமில்லை; இங்கேயோ தேறாத பொருள் சிதறிப்போகும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாவதைத் தவிர்க்க, வேட்டைத் துப்பாக்கிக் குழலைக் கரடுமுரடாக இருக்கும்போதே ஒருமுறையும், முடித்தபின் மறுமுறையும் சோதிக்கும் வழக்கத்தை 1855, 1868 சட்டங்கள் நிலைப்படுத்தின.

1884-இல் பிரான்சின் போல் வியேய் கண்ட புகையற்ற மருந்து எல்லாக் கணக்கையும் கலைத்தது. கருமருந்தைத் தாங்கிய குழல் இதையும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே நைட்ரோ எனப்படும் இந்தப் புகையற்ற மருந்துக்கெனத் தனிச் சோதனையும் தனி முத்திரையும் பிறந்தன. அழுத்தத்தை எண்ணாக அளக்கவும் வழி கிடைத்திருந்தது. ஆண்ட்ரூ நோபிள் 1860-களில் அமைத்த கருவியில், சிறு செம்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்பதே அளவு. பிறகு அந்த இடத்தை அழுத்தமின் படிகங்கள் பிடித்தன.

ஒரு நாட்டு முத்திரையை இன்னொரு நாடு ஏற்குமா என்ற கேள்வி எஞ்சியது. லியேஜ் சோதனைச் சாலையின் இயக்குநர் ஜெனரல் ஃபிரெய்க்கனின் முயற்சியால் 1914 ஜூலையில் ஐந்து நாடுகள் உடன்பாடு கண்டன. சில வாரங்களில் உலகப் போர் மூண்டது. 1969-இல் பிரஸ்ஸல்ஸில் புதிய உடன்படிக்கை உருவாகி, 1980-இல் பிரிட்டனும் சேர்ந்தது. இதன்படி சாதாரண 12 போர் (bore) வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் உச்ச அழுத்தம் 740 பார். துப்பாக்கியைச் சோதிப்பது 930 பாரில். அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே 1926-இல் உருவான உற்பத்தியாளர் அமைப்புதான் அளவுகளை வகுக்கிறது. கட்டாய அரசுச் சோதனை கிடையாது. இவ்விரண்டில் வெளிச் சாட்சி உள்ள முறையே எனக்கு நம்பிக்கை தருகிறது.

முத்திரை சொல்வது அது குத்தப்பட்ட நாளின் நிலையை மட்டுமே. பிறகு ஏறிய துருவையும், உள்ளே கடைந்து அகலமாக்கியதையும் அது அறியாது. இந்தியாவில் பாட்டனார் காலத்து இங்கிலாந்து இரட்டைக் குழல் துப்பாக்கியை உரிமத்தோடு வைத்திருப்பவர்கள், குழலின் அடிப்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். நைட்ரோ சோதனைக்கான குறி அங்கே இல்லையென்றால், தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி பார்த்துச் சொல்லும்வரை அதில் இன்றைய தோட்டாவை இடாதீர்கள்.