ஏர்முனையும் ஈரறிவுயிரும்

ஆதிபகவனாகிய விருஷபதேவர் மக்களுக்கு அருளிய அறுதொழில்களுள் உழவும் ஒன்று. நிலத்தைக் கீறுங்கால் உயிர்கள் மாயும் என்பதை அறிந்தே சமணம் அத்தொழிலை இல்லறத்தார்க்கு ஒப்புக்கொண்டது. கருதிச் செய்யும் சங்கல்ப ஹிம்சை வேறு. வாழ்க்கைத் தொழிலில் நேரும் உத்தியோக ஹிம்சை வேறு. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் நயினார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்து வாழ இப்பகுப்பு இடமளித்தது. ஆயினும், தவிர்க்கக் கூடிய கொலையையும் தொழிலின் பெயரால் பொறுத்துக்கொள்ளலாம் என்று அது கூறவில்லை.

மண்புழு தொடுவுணர்வும் சுவையுணர்வும் உடைய ஈரறிவுயிர். அது மறைந்தால் நிலத்திற்கு என்ன நேரும் என்பதை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் காணலாம். அங்கே 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றளவும் நடைபெறுகிறது. ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் பெற்று, சுண்ணாம்பு பெறாத பாத்திகளில் மண் கடும் அமிலத்தன்மை அடைந்தது. அம்மோனியத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளிப்படுவதே காரணம். புழுக்கள் ஏறக்குறைய அற்றுப்போயின. இழுத்துப் புதைத்து மக்கச் செய்வார் இன்மையால் பட்ட புல் மேற்பரப்பில் மெத்தைபோல் தேங்கியது. அதே பண்ணையில் 1843 முதல் நடைபெறும் கோதுமைச் சோதனையிலோ, தொழுவுரம் பெற்ற பாத்தியின் கரிமச்சத்து உரமிடாத பாத்தியினதைப் போல் இரு மடங்கிற்கும் மேலாயிற்று.

இதனால் மூட்டை உரமெல்லாம் நஞ்சு என்று முடிவு கட்டுதல் பிழை. அளவாக இட்டால் பயிரின் வேர் பெருகும். அவ்வேர் மக்கி மண்ணுயிர்களுக்கு உணவாகும். கேடு விளைந்தது, 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல்வகைகள் பரவிய பின், யூரியாவை நம்பிக் கொளுஞ்சித் தழையையும் ஆட்டுக்கிடையையும் கைவிட்டதனால்தான்.

உழாமலே விதைத்தல் அகிம்சைக்கு உகந்ததாகத் தோன்றும். ஆனால் அங்கே களையைக் கொல்லப் பெரும்பாலும் மருந்து தெளிக்கப்படுகிறது; அதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

மழைக்காலத்தில் உயிர்கள் மலிதலால் முனிவர்கள் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குகின்றனர். உழவனுக்கோ அதுவே பயிர்ப்பருவம். காய்ந்த நிலத்தில் ஆழத்தில் ஒடுங்கும் புழு, ஈரம் ஏறியதும் மேலே வருகிறது. அவ்வேளையில் ரோட்டவேட்டரை மும்முறை ஓட்டுவதினும், ஒருமுறை மேலோட்டமாக உழுது தொழுவுரம் இடுவது குறைந்த ஹிம்சை. விளைச்சலுக்கும் அது பகையன்று.