கோணேசர் கடலும் ஒரு மலிவு சாகசப் படமும்: ‘ரன்முத்து தூவ’ உருவான வழி

இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் வரலாறு 1962இல் ஹென்றி சந்திரவன்ச இயக்கிய ‘சமுதாயம்’ படத்தோடு தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். 16 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்ட எளிய முயற்சி அது. அதே ஆண்டில், தமிழர் வாழும் திருகோணமலைக் கடலை வைத்து இன்னொரு படம் வெளிவந்தது. சிங்களத்தின் முதலாவது முழுநீள வண்ணப் படமான ‘ரன்முத்து தூவ’, அதாவது பொன்முத்துத் தீவு, தான் அது. மொழியை அளவுகோலாக வைத்து எழுதும் தமிழ்த் திரை வரலாற்றில் இதற்கு இடமில்லை. இடத்தை அளவுகோலாக வைத்தால் திருகோணமலையின் வரலாற்றில் இதைத் தவிர்க்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் படத்தின் காலத்தைப் பார்க்க வேண்டும். காரில் இருந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் அரங்கு 1933இல் அமெரிக்காவின் நியூஜேர்சியில் தொடங்கியது. 1950களின் இறுதிக்குள் அந்நாட்டில் இத்தகைய அரங்குகள் நாலாயிரத்தைத் தாண்டின. இவற்றுக்குத் தீனி போட வாரந்தோறும் படம் வேண்டியிருந்தது. 1954இல் ரோஜர் கோர்மன் தயாரித்த ‘மான்ஸ்டர் ஃப்ரம் தி ஓஷன் ஃப்ளோர்’ அந்தத் தேவைக்கு அமைந்த படங்களுள் ஒன்று: சொற்பச் செலவு, கடலடியில் ஒரு பூதம், அவ்வளவுதான். பெரிய நடிகரோ பெரிய அரங்க அமைப்போ இல்லாமல், வேறெங்கும் காணக் கிடைக்காத ஏதோ ஒன்றைக் காட்டிச் சனத்தைக் கூட்டுவது இத்தகைய படங்களின் வழி. பிரெஞ்சுச் சுழியோடி கூஸ்தோவும் பொறியியலாளர் கான்யானும் 1943இல் உருவாக்கிய நீரடிச் சுவாசக் கருவி கடலடியை அப்படியொரு காட்சிப் பொருளாக்கியது. கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த ‘மௌன உலகம்’ 1956இல் கான் விழாவின் தலைப் பரிசைப் பெற்றது.

அதே 1956இல்தான் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்தனர். கிளார்க் எழுத்தாளர், வில்சன் சுழியோடியும் படப்பிடிப்பாளரும். இலங்கையின் தேர்ந்த சுழியோடியும் மீனியல் அறிஞருமான ரொட்னி ஜொன்க்லாஸ் இவர்களோடு சேர்ந்தார். அப்போது திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது. அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது 1957 ஒக்டோபரில். வாடைக்காலத்தில் கலங்கிக் கிடக்கும் கிழக்குக் கடல் சோளகம் வீசும் மாதங்களில் தெளியும் என்பது இந்தக் கரையார் எவருக்கும் தெரிந்தது. தெளிந்த நீரில், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடிவாரத்தில், வில்சன் செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டார்.

அந்தக் கற்கள் என்ன என்பதைத் திருகோணமலையில் சிறு பிள்ளையும் சொல்லும். தேவாரப் பாடல் பெற்ற கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்தனர். இடிபாட்டில் ஒரு பகுதி இன்றைய பிரட்றிக் கோட்டையின் சுவருக்குள் போனது. ஒரு பகுதி மலையுச்சியிலிருந்து கடலுக்குள் விழுந்தது. 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்திருந்தன. கடலும் தன்னிடமிருந்ததைக் காட்டியபோது ஊர் அதைத் தற்செயலாகக் கருதவில்லை. கடலடியிலிருந்து மீட்கப்பட்ட இலிங்கம் கோயிலைச் சென்று சேர்ந்தது. கிளார்க் இந்தச் சுழியோட்டங்களை ‘த ரீஃப்ஸ் ஒஃப் டப்ரபேன்’ என்ற நூலில் 1957இல் எழுதினார்.

1961இல், தென்கரைக்கு அப்பால் பெரிய பாசு என்ற பாறைத்திட்டில், வில்சன் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டார். ஹிஜ்ரி 1113, அதாவது 1702ஆம் ஆண்டையொட்டி அச்சிடப்பட்ட முகலாய வெள்ளி நாணயங்கள் அதிலிருந்து வந்தன. கடலடிக் கோயில் 1956இல், கடலடிப் புதையல் 1961இல், கடலடிப் புதையலைத் தேடும் திரைப்படம் 1962இல். இந்த வரிசையைப் பார்த்தால் ‘ரன்முத்து தூவ’வின் கதைக்கரு எங்கிருந்து வந்தது என்று அதிகம் தேட வேண்டியதில்லை.

வில்சன் இயக்கினார், சேஷ பலிஹக்கார தயாரித்தார், கிளார்க் பணம் போட்டார். காமினி பொன்சேகா, ஜீவராணி குருகுலசூரிய, ஜோ அபேவிக்ரம நடித்தனர். அமரதேவாவின் இசையில் நந்தா மாலினியும் நாரத திசாசேகரவும் பாடிய பாடல் இன்றுவரை சிங்களவர் வாயில் இருக்கிறது. முதல் சிங்களப் பேசும்படம் 1947இல் மதுரையில் எடுக்கப்பட்டது. அதன் பின்னும் பல படங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களையே நம்பியிருந்தன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’வுக்காகக் கமெராவை ஊருக்குள் கொண்டுபோனார். வில்சன் அதை நீருக்குள் கொண்டுபோனார். எந்த ஸ்டூடியோவாலும் கட்ட முடியாத அரங்கம் திருகோணமலையில் ஆயத்தமாக இருந்தது. வண்ணமும் கடலடியும் சேர்ந்து இந்த நாட்டில் அதுவரை எவரும் திரையில் காணாததைக் காட்டின, மக்கள் திரண்டனர்.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஒரு சமூகத்தின் வழிபாட்டிடம் மூழ்கிக் கிடந்த கடல் இன்னொரு மொழியின் பொழுதுபோக்குக்குப் புதையல் கடலாக மாறியது சரியா? என் கணிப்பில், வில்சனிடம் அவமதிக்கும் நோக்கம் இருந்ததாகச் சொல்வதற்கு இடமில்லை. ஆனால் சாகசப் படத்தின் இலக்கணம் இடத்தின் நினைவைக் கழற்றிவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொள்வது. கோர்மனின் படத்துக்கு அது எந்தக் கடலாகவும் இருக்கலாம். கோணேசர் கடல் அப்படிப்பட்ட கடலன்று. படம் வெளியான அடுத்த ஆண்டில், 1963இல், மீளக் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. ஒரே கடலை ஊர் வணங்கியதும் திரை விற்றதும் சில மாத இடைவெளியில் நடந்தவை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்காத வரலாறு அரைகுறையானது.

வில்சனின் பிந்திய படங்கள் கடலை விட்டு விலகின. திஸ்ஸ லியனசூரியவோடு இணைந்து இயக்கிய ‘கெட்டவரயோ’ 1964இல் வந்தது. 1967இல் வந்த ‘சொருன்கெத் சொரு’ ஜேம்ஸ் பொண்ட் அலையில் மிதந்த படம். உலகச் சந்தையில் ஓடும் சரக்கை உள்ளூர் முகத்தோடு கொடுக்கும் அதே மலிவுப்பட முறைதான் அதுவும். பின்னர் வில்சன் சினிமாவைத் துறந்து, சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் துறவியாக வாழ்ந்து, 1995இல் மறைந்தார். கடலடியில் கண்டதைத் தன் வாழ்வின் திருப்பமாக அவர் கருதியிருக்கலாம் என்று இந்த முடிவு எண்ணத் தூண்டுகிறது.

‘ரன்முத்து தூவ’ பற்றிய எழுத்து பெரும்பாலும் கொழும்பிலிருந்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது. வள்ளம் வலித்தவர், கரையில் நின்று பார்த்தவர், கோயில் திருப்பணியில் நின்றவர் ஆகியோரின் பேச்சு அதில் குறைவு. அன்று இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். திருகோணமலையில் வரலாறு, ஊடகம் படிக்கும் மாணவர்கள் டச்சுக்குடாவிலும் உட்துறைமுக வீதியிலும் இப்பெரியவர்களைத் தேடிச் சென்று, அவர்களின் குரலை இந்த ஆண்டே பதிவு செய்ய வேண்டும்.