துரோகி எண்டு பேரெடுத்த முந்திரிகை

பேர்கண்டிச் சிவப்பு வைனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மடாலயத்தில்தான் தொடங்குவார்கள். 1098இல் சீத்தோவில் தொடங்கிய துறவிகள் சபை, அவர்கள் மதில் கட்டிக் காத்த வூஜோ தோட்டம், அவர்களின் உழைப்பு, பொறுமை. நல்ல கதைதான். ஆனால் அந்த வைனுக்குப் பின்னால் செடியை வேரோடு பிடுங்கச் சொன்ன ஓர் உத்தரவும் இருக்கு. அதைப் பற்றி நாங்கள் குறைவாகவே கதைக்கிறம்.

முதலில் வைன். பிரான்சின் கிழக்கில், டிஜோன் நகரத்தில் இருந்து தெற்கே நீளும் ஒடுங்கிய சுண்ணாம்புக்கல் சரிவு அது. அங்கே சிவப்பு வைனுக்கான பிரதான முந்திரிகை இனம் பினோ நுவார். தோல் மெல்லிசு; அதனால் நிறம் வெளிறலாக இருக்கும், துவர்ப்பும் குறைவு. குளிர்ப் பிரதேசத்தில் பழம் மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு கெடாமல் நிற்கும். இப்படியான வைன் சாப்பாட்டை அமுக்காது, அதோடு சேர்ந்து போகும். அந்த ஊரில் மாட்டிறைச்சியையும் சேவலையும் சிவப்பு வைனிலேயே போட்டு மெல்லிய நெருப்பில் அவிக்கிறார்கள்.

ஆனால் பினோ நுவார் தோட்டக்காரனுக்கு இலகுவான செடி இல்லை. காய்ப்பு குறைவு. வசந்த காலத்து உறைபனி அடித்தால் அந்த வருசம் போச்சு. 1348இல் கொள்ளைநோய் வந்து சனத்தொகையைத் தின்ற பிறகு, தோட்டத்தில் வேலை செய்ய ஆளும் இல்லை. அந்த நூற்றாண்டில்தான் கமே என்ற இன்னொரு கறுப்பு முந்திரிகை பரவத் தொடங்கியது. பினோவை விட முந்திப் பழுக்கும், அதிகமாகக் காய்க்கும். முதல் அரும்பு பனியில் கருகினாலும் அடுத்து வரும் அரும்பில் குலை பிடிக்கும். வயிற்றுப்பாட்டுக்குப் பயிர் செய்கிறவன் எதை நடுவான் எண்டு சொல்லத் தேவையில்லை.

1395 யூலை 31ஆம் திகதி கோமகன் பிலிப் ஒரு கட்டளை போட்டார். கமே கெட்ட செடி, விசுவாசம் இல்லாத செடி, அதன் வைன் மனிதருக்குத் தீங்கு. ஆகவே வெட்டிப் பிடுங்கி எறியுங்கள். அதோடு நிற்கவில்லை. தோட்டங்களுக்கு மாட்டெரு, ஆட்டெரு போடுவதையும் தடுத்தார். அறுவடைக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருந்தன. அதாவது காய் தொங்கும் செடியைத்தான் வெட்டச் சொன்னார்.

கோமகனுக்கு இதில் என்ன அக்கறை? வைன் அவருக்கு வெறும் குடிவகை இல்லை. போன் நகரத்து வைனுக்கு அவினோனில் இருந்த பாப்பரசர் சபையிலேயே நல்ல பேர். மனைவி வழியாகப் பிளாண்டர்ஸ் என்ற பணக்கார வணிகப் பிரதேசமும் அவர் கைக்கு வந்திருந்தது. விருந்தும் பரிசும் அரசியலாக இருந்த காலத்தில், நாட்டின் பேரே ஒரு பீப்பாய் வைனில் தங்கியிருந்தது. மலிவான கமே வைனும் அதே ஊர்ப் பேரில் சந்தைக்குப் போனால் அந்தப் பேர் கெடும் எண்டது அவரின் பயம்.

டிஜோன் நகரசபை எதிர்த்தது. 15ஆம் நூற்றாண்டிலும் கமேக்குத் தடைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரே சட்டத்தைத் திரும்பப் போடவேண்டி வந்தால், சனம் அதைக் கேட்கவில்லை எண்டுதானே அர்த்தம். 19ஆம் நூற்றாண்டில் கூட அந்தப் பிரதேசத் தோட்டங்களின் பெரும்பகுதியில் கமேதான் நின்றது. தொழிலாளிகளும் சிறு விவசாயிகளும் தினமும் குடித்தது அந்த வைனைத்தான்.

பிரெஞ்சுப் புரட்சி வந்து திருச்சபைக் காணிகளைப் பறித்து ஏலத்தில் விட்டது. ஆனால் ஏலத்தில் நல்ல தோட்டத்தை வாங்க காசு வேணும். வூஜோ தோட்டமும் காசுள்ளவர்களிடமே போய்ச் சேர்ந்தது. பிறகு பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு எண்ட நெப்போலியன் காலத்துச் சட்டத்தாலும் விற்பனையாலும் காணிகள் துண்டு துண்டாகின. இண்டைக்கு ஏறத்தாழ 50 ஹெக்டேயர் வூஜோ தோட்டத்துக்குச் சுமார் 80 சொந்தக்காரர்கள்.

சுவை விசயத்தில் கோமகன் முழுப் பிழை இல்லை. அந்தச் சுண்ணாம்புச் சரிவில் பினோ தருவதைக் கமே தருவதில்லை. கமேக்குப் பொருந்திய இடம் தெற்கே போஜோலேயின் கருங்கல் மண். அங்கே அது அருமையான வைன் தருகிறது. ஆனால் நல்ல சுவைக்கான விலையை யார் கட்டினது? கோமகனின் மேசையில் ஒரு குவளையும் குறையவில்லை. எரு இல்லாமல், காய்த்த செடியும் இல்லாமல் குளிர்காலத்தைக் கடக்க வேண்டியிருந்தது தோட்டக்காரனின் குடும்பம்.

1999இல் மரபணு ஆய்வு ஒன்று இன்னொரு விசயத்தைச் சொன்னது. கமே வேறு யாரும் இல்லை, பினோவின் பிள்ளை. மற்றப் பெற்றோர் குவே பிளான் என்ற, குடியானவர்கள் வளர்த்த, மதிப்பில்லாத வெள்ளை முந்திரிகை. உலகமே கொண்டாடும் ஷார்டனேயும் அதே சோடியின் பிள்ளைதான். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றுக்குக் கிரீடம், மற்றதுக்குக் கோடரி.

பேர்கண்டியில் இண்டைக்கும் பினோவையும் கமேயையும் ஒன்றாகப் போட்டுப் புளிக்கவைக்கிற ஒரு வைன் இருக்கு. பேர் பாஸ்-தூ-கிரான். பெரிய விலை இல்லை. பேர்கண்டி வைனின் வரலாற்றை ஆராவது கேட்டால், வூஜோ மதிலோடு சேர்த்து அந்தப் போத்தலையும் காட்டலாம்.