24 மணி நேர பிபி கருவி பிறந்த கதை

காலையில் நடப்பது நல்லதா, மாலையிலா? பிரஷர் உள்ளவர்கள் கேட்கும் இந்தக் கேள்விக்கு 1960களுக்கு முன் பதில் தேடுவதே கடினம். அளக்கும் கருவி டாக்டரின் மேஜையை விட்டு நகரவில்லை.

இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896இல் காற்றுப்பட்டையைத் தந்தார். ரஷ்யாவின் கொரோட்கோவ் 1905இல் ஸ்டெதாஸ்கோப்பால் கேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, நாற்காலியில் உட்கார்ந்த சில நிமிடங்களில் கிடைத்த எண்ணே ஒருவருடைய ரத்த அழுத்தமாக நின்றது.

சான் பிரான்சிஸ்கோவில் மாரிஸ் சோகோலோவும் ஆலன் ஹின்மனும் டேப் ரெக்கார்டரோடு இணைந்த கருவியை நோயாளிகளின் உடம்பில் மாட்டி, அன்றாட வேலைக்கு அனுப்பினார்கள். பட்டையில் காற்றடிப்பது நோயாளியின் பொறுப்பு; நாடியின் ஒலி நாடாவில் பதியும். 1966இல் முடிவு வெளிவந்தது. இதயமும் மற்ற உறுப்புகளும் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்பதோடு, ஆஸ்பத்திரியில் எடுத்த அளவைவிட நடமாடும்போது எடுத்த அளவே நன்றாகப் பொருந்தியது. ஆனால் தூங்குகிறவர் எப்படிக் காற்றடிப்பார்? இரவுக் கணக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அது ஆக்ஸ்போர்டில் கிடைத்தது. கையின் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செருகி, ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் பதியும் கருவியைச் சுமந்தபடி மனிதர்கள் நடந்தார்கள், சாப்பிட்டார்கள், உறங்கினார்கள். பெவன், ஹானர், ஸ்டாட் மூவரும் 1969இல் அந்தப் பதிவுகளை வெளியிட்டார்கள். தமனியில் குழாயோடு ஒரு நாளைக் கழிக்க ஒப்புக்கொண்டவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. இந்தக் கதையில் நான் முதலில் வணங்குவது அவர்களைத்தான். 1978இல் லண்டன் புறநகரின் நார்த்விக் பார்க் மருத்துவமனை ஆய்வாளர்கள் அதே வழியில் ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தை முழுதாக வரைந்தார்கள்: முற்பகலில் உச்சம், பிறகு படிப்படியாக இறக்கம், இரவில் மிகத் தாழ்வு, கண் விழிக்கும் முன்பே மறுபடி ஏற்றம்.

தானே காற்றடித்துக்கொள்ளும் பட்டைகள் வந்ததும் குழாய்க்கு வேலை இல்லாமல் போனது. இடுப்பில் ஒரு சிறு பெட்டி, கையில் ஒரு பட்டை, அவ்வளவுதான்.

அதன் பிறகே உடற்பயிற்சியின் நேரத்தை ஒழுங்காகச் சோதிக்க வழி பிறந்தது. சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பிரஷர் மாத்திரை சாப்பிடும் 50 ஆண்கள் பங்கேற்றார்கள். ஒரு குழு காலையிலும் ஒரு குழு மாலையிலும் 10 வாரங்கள் சைக்கிள் மிதித்தது. மூன்றாவது குழு அப்படிப் பயிற்சி செய்யவில்லை. மாலையில் மிதித்தவர்களிடம்தான் அழுத்தம் தெளிவாகக் குறைந்தது. உறக்கத்தில் பதிந்த கீழ் அளவும் (டயஸ்டாலிக்) இறங்கியிருந்தது. எனினும் பெண்கள் அதில் இல்லை, ஆட்களும் குறைவு. விடியற்காலை நடையைப் பழக்கமாக வைத்திருப்பவர் அதை மாற்றிக்கொள்ள இந்த ஒரு முடிவு போதாது என்றே நினைக்கிறேன்.