தி வால்

தி வால்: இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்டு ராக் இசைக்குழு 1979 நவம்பர் 30 அன்று வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு. பெயருக்குச் ‘சுவர்’ என்று பொருள். இந்த ஆல்பத்தை ஒட்டி 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் நடந்த மேடை நிகழ்ச்சிக்கும், 1982இல் ஆலன் பார்க்கர் இயக்கிய திரைப்படத்துக்கும் இதே பெயர்தான்.

குழு 1965இல் லண்டனில் உருவானது. பாட்டெழுதி முன்னின்று பாடிய சிட் பாரெட் 1968இல் விலகினார். ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன், புதிதாகச் சேர்ந்த கிதார் கலைஞர் டேவிட் கில்மோர் ஆகிய நால்வரும் தொடர்ந்தனர். 1973இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ உலகப் புகழைத் தந்தது. அதன்பின் கச்சேரிகள் அரங்குகளை விட்டு விளையாட்டு மைதானங்களுக்குப் போயின.

ஆல்பத்தின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவது 1977 ஜூலை 6 அன்று மான்ட்ரியல் ஒலிம்பிக் மைதானத்தில் நடந்த கச்சேரி. கூச்சலிட்டு முன்வரிசையில் முட்டிமோதிய ரசிகர் ஒருவர்மீது வாட்டர்ஸ் எச்சில் உமிழ்ந்தார். அந்தச் செயல் தம்மையே அதிரவைத்தது என்றும், மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்பும் எண்ணம் அப்போதுதான் பிறந்தது என்றும் அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கதைக்கு வேறு வேர்களும் உண்டு. வாட்டர்ஸின் தந்தை 1944 பிப்ரவரியில் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் இறந்தபோது மகனுக்கு ஐந்து மாதம். போரில் தந்தையை இழந்து, தாயின் அரவணைப்பிலும் ஆசிரியரின் கொடுமையிலும் வளர்ந்து, தன்னைச் சுற்றிக் கல்மேல் கல்லாக அடுக்கிக்கொள்ளும் ‘பிங்க்’ என்ற பாடகனின் கதைதான் ஆல்பம் முழுவதும். பிங்க் பாத்திரத்தில் பாரெட்டின் சாயலும் கலந்திருக்கிறது. எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

1978இல் வாட்டர்ஸ் இரண்டு மாதிரிப் பதிவுகளைக் குழுவின் முன் வைத்தார். மற்றவர்கள் தேர்ந்தெடுத்தது இதை. (விடப்பட்ட மற்றொன்று 1984இல் அவருடைய தனி ஆல்பமாக வந்தது.) அந்தச் சமயத்தில் குழுவின் பணத்தை முதலீடு செய்துவந்த நிறுவனம் நொடித்துப் பெரும் இழப்பு நேர்ந்தது. வரிச்சுமையும் சேர்ந்துகொள்ளவே 1979இல் நால்வரும் நாட்டை விட்டு வெளியேறினர். பதிவு தெற்குப் பிரான்ஸிலும் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் நடந்தது. இணைத் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் சிதறிக் கிடந்த பாடல்களை ஒரே இரவில் கதை வரிசையாக எழுதிக் கோத்தார் என்பர்.

ஆல்பத்தின் புகழ்பெற்ற பாடலான ‘அனதர் பிரிக் இன் தி வால்’ இரண்டாம் பாகம் முதலில் ஒரே சரணம் கொண்ட சிறு துண்டாகத்தான் இருந்தது. எஸ்ரின் அந்தச் சரணத்தை அப்படியே நகலெடுத்து நீட்டி, அதன்மேல் குழந்தைகளின் குரல் வேண்டும் என்று லண்டனுக்குச் சொல்லி அனுப்பினார். குழுவின் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த இஸ்லிங்டன் கிரீன் பள்ளியிலிருந்து 23 பிள்ளைகளை இசை ஆசிரியர் அழைத்துவந்தார். அவர்கள் பாடியதையே திரும்பத் திரும்ப அடுக்கிப் பதிந்ததில் ஒரு பள்ளிக்கூடமே பாடுவதுபோல் ஆனது. பள்ளிக்கு 1,000 பவுண்டு கிடைத்தது. பாடிய பிள்ளைகள் வளர்ந்து ஆளானபின், 2004 வாக்கில், தங்களுக்குரிய உரிமைத்தொகையைக் கேட்டனர். பாடல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கல்விமுறையை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்த மாணவர்கள் இதைப் பாடியதால் 1980இல் அங்கே தடை செய்யப்பட்டது.

பதிவின் நடுவிலேயே விசைப்பலகைக் கலைஞர் ரைட் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அவருடைய பங்களிப்பு போதவில்லை, விடுமுறையைச் சுருக்கிக்கொண்டு வர மறுத்தார் என்பது ஒரு தரப்பு. குடும்பத் துயரத்தில் இருந்த தம்மை வாட்டர்ஸ் நெருக்கித் தள்ளினார் என்பது ரைட் தரப்பு.

மேடை நிகழ்ச்சிகள் மொத்தம் 31. லாஸ் ஏஞ்சல்ஸில் 1980 பிப்ரவரி 7 முதல் ஏழு, நியூயார்க்கை அடுத்த நாசோ கொலீசியத்தில் ஐந்து, லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஆகஸ்டில் ஆறு, 1981 பிப்ரவரியில் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் எட்டு, ஜூனில் மீண்டும் ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஐந்து. ஊர் ஊராகப் போகும் வழக்கமான சுற்றுப்பயணத்துக்கு இந்த மேடை இடம்கொடுக்கவில்லை. மார்க் ஃபிஷரும் ஜொனதன் பார்க்கும் வடிவமைத்த சுவரை நிறுத்த அகன்ற உள்ளரங்கமும் பல நாள் ஏற்பாடும் தேவைப்பட்டன.

சுவரின் கற்கள் தடித்த அட்டைப்பெட்டிகள். மடித்துக் கொண்டுவந்து அரங்கிலேயே பிரித்து நிமிர்த்துவார்கள். நிகழ்ச்சி தொடங்கும்போது மேடையின் இரு ஓரங்களில் மட்டும் சுவர் நிற்கும். முதல் பாட்டை முகமூடி அணிந்த நான்கு மாற்றுக் கலைஞர்கள் வாசிப்பார்கள். முகமூடிகள் குழுவினரின் முகத்தை வைத்தே வார்த்தவை என்பதால் கூட்டம் அவர்களை அசல் என்றே நம்பும். பாட்டின் முடிவில் ஒரு போர் விமான மாதிரி தலைகளுக்கு மேல் கம்பியில் பறந்து வந்து சுவரில் மோதும். அதன்பின் பாட்டுக்குப் பாட்டு உயரும் மேடைகளில் ஏறிநின்ற பணியாட்கள் கற்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். இடைவேளைக்கு முன், கடைசி ஓட்டையில் தெரியும் வாட்டர்ஸின் முகத்தையும் ஒரு கல் மூடிவிடும்.

இரண்டாம் பாதியின் முதல் பாட்டு முழுவதும் சுவருக்குப் பின்னாலிருந்தே ஒலிக்கும். பார்வையாளர் கண்ணுக்கு வெள்ளைச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது. பிறகு சுவரே திரையாகும். கேலிச்சித்திரக்காரர் ஜெரால்டு ஸ்கார்ஃப் வரைந்த அணிவகுக்கும் சுத்தியல்கள் மூன்று படவீழ்த்திகளிலிருந்து அதன்மேல் விழும். ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாடலின்போது சுவரின் உச்சியில், முதுகுப்புற ஒளியில், கில்மோர் தனியாக நின்று கிதார் வாசிப்பார். பார்த்தவர்களின் நினைவுக்குறிப்புகளில் இந்த ஒரு காட்சிக்குக் கிடைத்திருக்கும் இடம் வேறெதற்கும் கிடைக்கவில்லை. சுவரின் உயரம் மட்டும் பதிவுக்குப் பதிவு மாறுகிறது: சிலர் 35 அடி என்கிறார்கள், சிலர் 40.

முடிவில் சுவர் சரியும். கற்கள் முன்வரிசையில் இருப்பவர்கள்மேல் விழாதபடி, அவற்றைத் தாங்கிய கம்பங்களிலேயே தள்ளுவிசை அமைத்திருந்தார்கள். இடிபாட்டுக்கு நடுவே குழுவினர் நடந்து வருவார்கள்: வாட்டர்ஸ் கையில் கிளாரினெட், கில்மோர் கையில் மாண்டலின், ரைட்டின் தோளில் அக்கார்டியன், மேசனிடம் சாதாரண கிதார். அத்தனை பெரிய இயந்திர ஏற்பாட்டுக்குப் பின் இந்தச் சிறிய இசை.

லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் நாள் வாணவெடியின் பொறி திரைச்சீலையில் பற்றிக்கொண்டது. வாட்டர்ஸ் நிகழ்ச்சியை நிறுத்த, பணியாட்கள் மேலே ஏறி அணைத்தார்கள். வரவைவிடச் செலவு மிஞ்சியதால் நிகழ்ச்சிகள் நட்டத்திலேயே முடிந்தன. வாட்டர்ஸ், கில்மோர், மேசன் மூவரும் அதைப் பங்கிட்டுக்கொண்டனர். விலக்கப்பட்டபின் சம்பளத்துக்கு வாசித்த ரைட் ஒருவருக்குத்தான் அதில் வருமானம். 1981 ஜூன் 17க்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில் நிற்க 2005 ஜூலையின் ‘லைவ் 8’ கச்சேரி வரை ஆனது.

திரைப்படத்தில் பிங்க் வேடத்தை பாப் கெல்டாஃப் ஏற்றார். வாட்டர்ஸ் 1985இல் குழுவை விட்டு விலகினார். பெர்லின் சுவர் விழுந்தபின், 1990 ஜூலை 21 அன்று போட்ஸ்டாமர் பிளாட்ஸில், பல கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு இதை மீண்டும் நடத்தினார். 1980-81 நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவு 2000இல்தான் வெளிவந்தது. ரைட் 2008இல் மறைந்தார்.

2010 முதல் 2013 வரை வாட்டர்ஸ் 219 நிகழ்ச்சிகளாக இதை உலகம் சுற்றிக் கொண்டுசென்றார். இம்முறை போர்களில் இறந்தவர்களின் நிழற்படங்கள் சுவரில் காட்டப்பட்டன. 2011 மே 12 அன்று லண்டனில் கில்மோர் மீண்டும் சுவரின் உச்சியில் நின்று வாசித்தார். இறுதிப் பாட்டுக்கு மேசனும் வந்து சேர்ந்தார். அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கம் ஆல்பத்துக்கு 23 முறை பிளாட்டினம் சான்று அளித்துள்ளது. இரட்டைத் தட்டு என்பதால் ஒவ்வொரு பிரதியும் இரண்டாகக் கணக்கிடப்பட்டது. குழுவின் ஒலிப்பதிவு உரிமைகள் 2024இல் சோனி நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. தொகை ஏறத்தாழ 40 கோடி டாலர் என்று செய்திகள் தெரிவித்தன.