சிரிப்பு வாயு செய்த உதவி

இன்றைக்கு வேதியியல் வரலாற்றில் இருந்து ஒரு சின்னக் கதை.

ஒரு வாயு திரவத்தில் எவ்வளவு கரையும்? 1803-ல் வில்லியம் ஹென்றி ஒரு விதி சொன்னார்: அழுத்தம் கூடினால் கரைவதும் அதே விகிதத்தில் கூடும். கரைந்த வாயு உள்ளே எவ்வளவு வேகமாக விரவும்? 1855-ல் அடால்ஃப் ஃபிக் அதற்கும் சூத்திரம் கொடுத்தார். அப்புறம் என்ன பிரச்சினை என்கிறீர்களா?

பிரச்சினை அமீன் உருவில் வந்தது. 1930-ல் ராபர்ட் பாட்டம்ஸ் என்ற அமெரிக்கர், அமீன் கரைசலைக் கொண்டு கரியமில வாயு போன்ற அமில வாயுக்களைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். குளிர்ந்த கரைசல் வாயுவைப் பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். இது நடக்கும் கோபுரத்தை எவ்வளவு உயரம் கட்டுவது? கணக்குப் போட கரைதிறனும் விரவல் வேகமும் வேண்டும். ஆனால் கரியமில வாயு கரைந்ததுமே அமீனோடு வினைபுரியத் தொடங்கிவிடுகிறது! வெறுமனே கரைந்தது எவ்வளவு, வினையில் போனது எவ்வளவு என்று பிரித்து அளக்க முடியாது.

இங்கேதான் சிரிப்பு வாயு (நைட்ரஸ் ஆக்சைடு) வருகிறது. இரண்டுக்கும் மூலக்கூறு எடை 44. இரண்டிலும் மூன்று அணுக்கள், நேர்கோட்டு வடிவம், 22 எலக்ட்ரான்கள். ஆனால் சிரிப்பு வாயு அமீனோடு வினைபுரியாது. 1964-ல் கிளார்க் என்பவர் இதைப் பதிலாளாகப் பயன்படுத்தினார். 25 டிகிரி செல்சியஸில் தண்ணீரில் கரியமில வாயு சிரிப்பு வாயுவைப் போல சுமார் 1.37 மடங்கு கரைகிறது. அமீன் கரைசலிலும் அதே விகிதம் என்று எடுத்துக்கொண்டால், சிரிப்பு வாயுவை அளந்து பெருக்கினால் போதும். விரவலுக்கும் இதே உத்திதான்.

"அதே விகிதம்தான் என்று எப்படி நம்புவது?" நியாயமான கேள்வி. 1981-ல் லத்தா, டயஸ், டாங்க்வெர்ட்ஸ் மூவரும் சோதித்தார்கள். அமீனைப் போன்ற அமைப்புள்ள, ஆனால் கரியமில வாயுவோடு வினைபுரியாத கிளைக்கால் போன்ற பொருட்களின் கரைசல்களில் இரண்டு வாயுக்களையும் அளந்தார்கள். விகிதம் ஏறக்குறைய மாறவில்லை. (இந்த டாங்க்வெர்ட்ஸ், 1940-ல் லண்டனில் விழுந்த ஜெர்மன் கண்ணிவெடிகளைச் செயலிழக்க வைத்து ஜார்ஜ் கிராஸ் விருது வாங்கியவர்!) 1988-ல் ஃபெர்ஸ்டீக்கும் ஃபான் ஸ்வாய்யும் பல அமீன் கரைசல்களுக்கு அளவுகளை வெளியிட்டார்கள்.

இது தோராயம்தான், கரைசலின் செறிவு கூடினால் பிழையும் கூடும். ஆனால் 2014-ல் கனடாவின் பவுண்டரி டேம் அனல் மின்நிலையத்தில் புகையில் இருந்து கரியமில வாயுவைப் பிடிக்கத் தொடங்கியதும் அமீன் முறையில்தான். புவி வெப்பமாவதைப் பற்றிப் பேசும்போது, அளக்க முடியாததை அளக்க உதவிய அந்தப் பதிலாளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.