பிடிபட்டோர் கணக்கும் நடக்காத விபத்தும்: மதுபோதை வாகனத் தணிக்கையின் பயன் குறித்து

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலக் காவல்துறை 1986இல் சாகினா மாவட்டத்தில் ஓர் இரவு சாலையை மறித்து மதுபோதைத் தணிக்கை நடத்தியது. ஒன்றேகால் மணி நேரத்தில் 126 வாகனங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 25 விநாடி ஆனது. மது அருந்தி ஓட்டியதற்காகக் கைதானவர்கள் இருவர். இத்திட்டத்தை எதிர்த்த வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 1990இல் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் காவல்துறைக்குச் சாதகமாக முடிந்தது. தலைமை நீதிபதி ரெங்க்விஸ்ட் 126க்கு இரண்டு என்பதை 1.6 விழுக்காடாக்கி, முன்பு ஏற்கப்பட்ட, சட்டவிரோதக் குடியேறிகளைத் தேடும் சோதனைச் சாவடி ஒன்றின் 0.5 விழுக்காட்டைவிட இது மேல் என்றார். மறுப்புத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் மேரிலாந்தைக் காட்டினார்: 125 தணிக்கைகள், 41,000 ஓட்டுநர்கள், 143 கைதுகள்.

இரு தரப்பின் எண்களும் ஒரே அளவுகோலில்தான் இருந்தன. எத்தனை பேர் சிக்கினார்கள் என்பதையே அவை அளந்தன. தணிக்கையின் நோக்கம் குடித்தவரைப் பிடிப்பதா, குடித்தவர் வண்டியை எடுக்காமல் இருக்கச் செய்வதா என்பதை அந்த எண்கள் பிரித்துக் காட்டவில்லை. நன்றாக வேலை செய்யும் தணிக்கையில் போகப்போக ஆள் சிக்குவது குறையும். ஆனால் எல்லோரும் பக்கத்துத் தெரு வழியாக நழுவிவிட்டாலும் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். காவல் நிலையப் பதிவேட்டில் இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே தணிக்கை பயன் தருமா என்ற கேள்விக்கு முன்னால், ஓட்டுநர் அதன் இடத்தையும் நேரத்தையும் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கற்றுக்கொண்டு வேறு வழியில் விலகிப்போக முடிந்தால், அந்தத் தணிக்கை எத்தனை வழக்குப் போட்டாலும் விபத்து குறையாது.

அச்சம் தேய்வதற்குப் பழைய சான்று பிரிட்டன். போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் கொண்டுவந்த சட்டத்தின்படி, 1967 அக்டோபர் 9 முதல் நூறு மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது என்பது வரம்பாயிற்று. சாலையோர மூச்சுச் சோதனையும் வந்தது. வார இறுதி இரவுகளில் சாவும் படுகாயமும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரிந்ததை லாரன்ஸ் ராஸ் என்ற சமூகவியலாளர் கணக்கிட்டார். ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்தப் பயன் கரைந்தது. சட்டம் மாறவில்லை, தண்டனையும் மாறவில்லை. ஊதச் சொல்லி நிறுத்தப்படும் வாய்ப்பு எவ்வளவு சொற்பம் என்பதை மக்கள் தம் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள் என்பதே ராஸ் தந்த விளக்கம்.

ஆஸ்திரேலியாவில் சந்தேகம் எதுவும் இல்லாமலேயே யாரையும் ஊதச் சொல்லும் முறையை விக்டோரியா 1976இலேயே தொடங்கியது. சிறு அளவில் நடந்ததால் பெரிய மாற்றம் தெரியவில்லை. நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பர் 17 அன்று பெரும் விளம்பரத்தோடும், சாலையில் எல்லோர் கண்ணிலும் படும்படியும் தொடங்கியது. உயிரிழப்பு விபத்துகள் உடனே குறைந்தன, குறைவு நீடித்தது. இதை ஆராய்ந்த ராஸ் ஹோமெல் என்ற மற்றோர் ஆய்வாளர் கவனித்த ஒரு நுணுக்கம் எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது. அங்குள்ள மதுக்கூடத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் எல்லோருக்கும் வாங்கித் தருவது வழக்கம். தன் முறை வருமுன் எழுந்து போவது மரியாதைக் குறைவு. வழியில் போலீஸ் நிற்கலாம் என்பது, மானம் போகாமல் அடுத்த கோப்பையை மறுக்க ஒரு சாக்காயிற்று. கைது எண்ணிக்கை எதுவும் இந்த விளைவைக் காட்டாது.

எர்க்கே முதலியோர் 2009இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இத்தகைய தணிக்கைகள் மது தொடர்பான விபத்துகளைக் குறைந்தது 17 விழுக்காடு குறைப்பதாகக் கூறியது. ஆனால் சராசரி என்பது நல்ல தணிக்கையையும் வெட்டித் தணிக்கையையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அவற்றைப் பிரித்துக் காட்டிய ஆய்வு ராஜஸ்தானில் நடந்தது.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, டேனியல் கெனிஸ்டன் ஆகிய பொருளியலாளர்களோடு ராஜஸ்தான் பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரி நீனா சிங்கும் அதன் ஆசிரியர். இவரே பின்னர் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் முதல் பெண் தலைமை இயக்குநர் ஆனவர். குலுக்கல் முறையில் காவல் நிலையங்களைப் பிரித்தார்கள். சிலவற்றில் இருப்பதிலேயே சிறந்த இடமென்று தேர்ந்த ஒரே இடத்தில் தணிக்கை. சிலவற்றில் மூன்று இடங்களில் மாற்றி மாற்றி. சிலவற்றில் எதுவும் இல்லை. வாரத்தில் எத்தனை இரவு என்பதையும் குலுக்கலிலேயே வேறுபடுத்தினார்கள். முடிவு: இடம் மாறிய தணிக்கையால் இரவு விபத்துகள் 17 விழுக்காடும் இரவு உயிரிழப்புகள் 25 விழுக்காடும் குறைந்தன. ஒரே இடத்துத் தணிக்கையால் குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் இல்லை. (மேலே வந்த 17ஐயும் இந்த 17ஐயும் ஒப்பிடுவது பிழை, அது மது தொடர்பான விபத்து, இது இரவில் நடந்த எல்லா விபத்தும்.)

காவலர்கள் தேர்ந்த சிறந்த இடத்தில் நின்றும் பயன் இல்லாமல் போனதேன்? ஊர்க்காரருக்கும் அதே இடம்தான் தெரியும். வளைவு தாண்டியதும் தடுப்புக் கம்பிகளைக் கோணல்மாணலாக நிறுத்தி, ஒளிரும் சட்டையோடு இருவர் டார்ச் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு முன்பே ஒரு பைக்கின் விளக்கு அணைகிறது. வண்டி திரும்பிச் சந்துக்குள் போய்விடுகிறது. மறுநாள் அந்த ஆள் முதலிலேயே சந்து வழியாக வருகிறார், நண்பருக்கும் சொல்கிறார். இந்தக் கற்றலைத்தான் ஆய்வாளர்கள் கணித மாதிரியாக்கினர். எந்தச் சாலையில் காவல் இருக்கிறது என்று ஓட்டுநருக்கு முதலில் தெரியாது; போய்ப் போய்த்தான் தெரிந்துகொள்கிறார். இடம் நிலையாக இருந்தால் இரண்டொரு பயணத்தில் பாடம் முடிந்துவிடும். மாறினால், நேற்றைய அறிவு இன்றைக்கு உதவாது.

விபத்துக் கணக்கை அவர்கள் எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிந்தது; அதில் மதுவின் பங்காகக் காட்டப்படுவது மூன்று விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. விபத்தின் காரணத்தைக் குறிக்கும் கட்டம் காவல் நிலையத்தில் நிரப்பப்படுகிறது. ஓட்டியவரின் இரத்தம் பல வழக்குகளில் சோதிக்கப்படுவதே இல்லை. காரணத்தை ‘அதிவேகம்’ என்று எழுதிவிட்டால் வேலை சுலபம். மது விபத்து என்று எழுதப்பட்டதை மட்டும் நம்பி ராஜஸ்தானில் கணக்கிட்டிருந்தால், தணிக்கை தீவிரமாக நடந்த இடத்தில் பதிவு கூடி, விபத்து பெருகியதுபோல் தோன்றியிருக்கவும் கூடும். இரவு விபத்துகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டது அந்தப் பொறியைத் தவிர்த்தது.

இந்த முடிவை எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. இடம் மாற்றுவது வேறு வழி இருக்கும் ஊருக்கான மருந்து. ஆற்றுக்கு ஒரே பாலம் உள்ள ஊரில் பாலத்தடியில் நிற்பதே புத்திசாலித்தனம். அங்கே போலீஸ் நிற்பதை அறிந்தவர் செய்யக்கூடியது குடிக்காமல் வருவது அல்லது வண்டியை விட்டு வருவது. சென்னையின் தெற்கே நிலைமை வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் ஏறத்தாழ இணையாக ஓடுகின்றன; கோவளத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கும், அக்கரையிலிருந்து சோழிங்கநல்லூருக்கும் இணைப்புச் சாலைகள் உண்டு. மாமல்லபுரம் பக்கமிருந்து குடித்துவிட்டுத் திரும்புகிறவருக்கு, கடற்கரைச் சாலையில் மட்டும் வழக்கமாக நிற்கும் தணிக்கை ஒரு வழிகாட்டிப் பலகைதான். இரு சாலைகளும் இணைப்புகளும் சேர்ந்த ஒரு வலையாக அதைக் கருதி, எந்த இரவு எந்தக் கண்ணி என்பதைக் குலுக்கலுக்கு விடுவதே ராஜஸ்தான் பாடத்துக்கு ஒத்த வழி.

இதற்குக் குறுக்கே நிற்பவை இரண்டு. ஒன்று, நிலையங்களுக்கு வைக்கப்படும் வழக்கு எண்ணிக்கை இலக்கு. இலக்கு உள்ள காவல் ஆய்வாளர் இன்று ஆள் கிடைக்கும் இடத்தை விட்டு, ஆள் கிடைக்காத இடத்துக்கு ஏன் போக வேண்டும்? ராஜஸ்தானில் நிலையக் காவலரைவிட, மாவட்டத் தலைமையிடத்து ‘போலீஸ் லைன்ஸ்’ வளாகத்திலிருந்து அனுப்பப்பட்ட தனிக் குழுக்களே அட்டவணைப்படி ஒழுங்காகத் தணிக்கை நடத்தின. அக்குழுக்களின் வாகனங்கள் ஜி.பி.எஸ். கண்காணிப்பில் இருந்தன. கண்காணிப்பு இருந்ததாலா, நிலையத்தின் அன்றாட நெருக்கடி இல்லாததாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். எப்படியானாலும் அட்டவணையை நிலையத்தின் வசதிக்கு விடக்கூடாது என்பது தெளிவு.

இரண்டாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின் வரம்பு 30 மில்லிகிராம், பிரிட்டன் அன்று வைத்ததைவிட மிகக் கடுமை. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை என்பது முன்பே இருந்தது; 2019 திருத்தம் அபராதத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. ஆனால் 203ஆம் பிரிவின்படி, குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் ஊதச் சொல்லலாம். நடைமுறையில் இது காவலரின் மூக்கை நம்புவதாகிறது. அளவோடு குடித்துத் தெளிவாகப் பேசும் ஆள் போய்விடுகிறார். மலிவு மதுவின் வாசனையோடு வரும் கூலித் தொழிலாளி நிற்கிறார். நியூ சவுத் வேல்ஸ் முறை இந்தச் சந்தேகத்தை நீக்கியது.

அதை இங்கே கேட்டால், போலீசுக்கு இன்னொரு அதிகாரமா, சாலையில் இன்னும் கையேந்தலா என்ற எதிர்ப்பு வரும். அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் லஞ்சத்துக்கு இடம் தருவது யாரை ஊதச் சொல்வது, யாரை விடுவது என்ற தனிமனித விருப்பம். அந்த விருப்பத்துக்குப் பெயர்தான் இன்று ‘சந்தேகம்’. மாவட்ட அலுவலகத்தில் குலுக்கிய இடம், குறித்த நேரம், நிறுத்திய எல்லோரும் ஊதுவது, ஊதியவர் எண்ணிக்கையும் கருவியில் பதிவான அளவுகளும் மறுநாள் பொதுவில் வெளியாவது என்று அமைந்தால் காவலரின் அதிகாரம் கூடாது, குறையும். மிஷிகன் வழக்கில் பெரும்பான்மைத் தரப்புக்கு உண்மையான வலுவைத் தந்ததும் 1.6 விழுக்காடு அல்ல: இடத்தையும் யாரை நிறுத்துவது என்பதையும் களத்தில் நின்ற காவலர் தம் விருப்பப்படி முடிவு செய்யவில்லை, வந்த ஒவ்வொரு வாகனமும் நிறுத்தப்பட்டது என்பதுதான். 203ஆம் பிரிவைத் திருத்துவதானால் அந்த நிபந்தனையைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். சுற்றறிக்கைக்கு விட்டால் அடுத்த மாத இலக்கு அதை விழுங்கிவிடும்.